அலைன்மென்ட்டுக்கு முன்னே கிங் பின்

பழைய காடி ரோட்டில் அலைந்தால் உடனே அலைன்மென்ட் கடைக்கு ஓடுகிறோம். அதுக்கு முன்னே பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு.

நம்ம தொண்டர் ஒருத்தரின் 1967 எம்ஜிபி, அவர் அப்பா விட்டுப்போன காடி. நெடுஞ்சாலையில் நேராக நிற்காது. முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ஞ்சு போச்சு. "வீட்டில ஏற பயப்படுறாங்க, வித்துடுறேன்"னு சொன்னார். எங்களுக்கு மனசு கேட்கல.

முதலில் ஜாக்கில் தூக்கி ஆட்டிப் பார்த்தோம். கிங் பின் தேய்ந்திருந்தது. அது ஆடினால் எந்த அளவும் நிற்காது. புதுசு போட்டு, கிரீஸ் அடித்து, டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் நிறுத்தினோம். இருபக்கமும் இணையாக நூல் கட்டி ரிம்மை அளந்தோம். முன்பக்கம் விரிந்திருந்தது.

இந்தக் காடியில் கேம்பர், காஸ்டர் இரண்டையும் திருகித் திருத்த வழியில்லை. நம் கையில் இருப்பது டோ மட்டும்தான். முன் சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி, பின்விளிம்பு இடைவெளியைவிட சுமார் 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர் குறைவாக இருக்கணும். இரண்டு டை ராடையும் சம அளவு திருப்பினோம். இல்லேன்னா ஸ்டீரிங் கோணலா நிக்கும்.

இப்போ நேராகப் போகுது. விற்கிற பேச்சே இல்ல. பழைய காடி வெச்சிருக்கிறவங்க கிங் பின்னுக்குத் தவறாம கிரீஸ் அடிங்க. அளவெல்லாம் அப்புறம்தான்.