கழுவுவதற்கு முன்

பிரித்துப் போட்ட இன்ஜினைக் கழுவும் வேலை எந்த மெக்கானிக் கடையிலும் புதிதாகச் சேர்ந்த பையனுக்குத்தான் போகும். ஒரு தகரத் தட்டு, அரை வாளி டீசல், முடி தேய்ந்த பெயின்ட் பிரஷ், கொஞ்சம் வேஸ்ட் துணி. "கழுவி வைடா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவார். இது தலைகீழான ஏற்பாடு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். இன்ஜின் வேலையில் அதிகம் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய வேலை இது. இன்ஜின் எதனால் கெட்டது என்பதற்கான சாட்சி முழுவதும் அழுக்கில்தான் இருக்கிறது. தெரியாத கை பட்டால் அந்தச் சாட்சி அரைமணியில் வாளிக்குள் கரைந்துபோகும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. எங்கள் கொல்லைக் கொட்டகையில் நின்ற ஆயில் இன்ஜின் அந்தத் தண்ணீரில் முழுகிவிட்டது. கிர்லோஸ்கர் ஏ.வி.1. ஒற்றை சிலிண்டர், 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1,500 சுற்று. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் சோதனை செய்வதற்கு நிறுத்தி வைத்திருப்பதும் பெரும்பாலும் இதே இன்ஜின்தான்.

கரண்ட் மோட்டார் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். வயலில் தேங்கிய நீரை வெளியே இறைக்கவும், மின்சாரம் வரும்வரை நாற்றைக் காப்பாற்றவும் இது ஒன்றுதான் துணை. அதனால் வெள்ளம் வடிந்ததும் டயர் வண்டியில் ஏற்றி வில்லியனூரில் உள்ள மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனோம்.

கடையில் பிரித்ததும் நான் பிரஷ்ஷை எடுத்துவிட்டேன். மேஸ்திரி தடுத்தார்.

"கை வைக்காத தம்பி. மொதல்ல எல்லாத்தையும் பாத்துடு. கழுவிட்டா அப்புறம் அது எதுவும் சொல்லாது."

"வெள்ளத்துல முழுகிச்சு அண்ணே, வேற என்ன இருக்கப்போவுது?"

"இருக்கான்னு பாக்கத்தான் சொல்றேன்."

சம்ப்பில் இருந்த ஆயிலை வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றினார். பால் கலந்த தேநீர் நிறம். தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தட்டைச் சாய்த்தபோது அடியில் மெல்லிய வண்டல் தங்கியது. அது தென்பெண்ணை மண். இதுவரை நான் எதிர்பார்த்ததுதான்.

பிஸ்டனை எடுத்துத் திருப்பியபோது கதை மாறியது. தலைப்பகுதியில் ஈரப்பசையோடு கெட்டிக் கார்பன். ரிங்குகள் பள்ளத்துக்குள் அரக்கு பூசி ஒட்டினாற்போல் இறுகிக் கிடந்தன; விரலால் அழுத்தினால் அசையவில்லை. சில நாள் வெள்ளம் இதைச் செய்யாது. ஆயில் சூட்டில் வெந்து, மாதக்கணக்கில் படிந்து படிந்துதான் ரிங் இப்படிப் பிடிக்கும். வெள்ளத்துக்கு வெகுநாள் முன்பே இந்த இன்ஜின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. புகைப்போக்கியில் நீலப்புகை வந்ததை எங்கள் வீட்டில் எல்லோரும்தான் பார்த்தோம். வயசான இன்ஜின், அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். முதலிலேயே கழுவியிருந்தால் எல்லாப் பழியும் புயலின் தலையில் விழுந்திருக்கும். புது ரிங் போட்டு ஓட்டியிருப்போம், அதுவும் கொஞ்ச நாளில் பிடித்திருக்கும்.

பார்த்து முடித்த பிறகுதான் டீசல் வாளி வந்தது. முன்பெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவுவார்கள். இப்போது அது கிடைப்பது அரிது. பெட்ரோலை அவர் கடைக்குள் விடுவதே இல்லை. அதன் ஆவிக்கு ஒரு பொறி போதும். மேஸ்திரி பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே வைக்கச் சொன்னார். புஷ் ராடு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே தேய்ந்து பழகியது. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் சேர்த்தே துளையிட்டுக் கடைந்தவை, திருப்பி மாட்டினால் பொருந்தாது. ரிங் பள்ளத்தைச் சுரண்டுவதற்கு உடைந்த பழைய ரிங்கின் துண்டைவிட நல்ல கருவி கிடையாது. அளவு கச்சிதமாக உட்காரும். ஆனால் கார்பன் மட்டும்தான் வர வேண்டும். அலுமினியப் பளபளப்பு தெரிந்தால் பள்ளம் அகலமாகிவிட்டது, பிஸ்டன் போயிற்று என்று பொருள். அவசரக்காரர்கள் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவார்கள். வார்ப்பிரும்பு அதைத் தாங்கும். அலுமினியத்தை அது நுரைக்க நுரைக்கத் தின்றுவிடும்.

டீசல் பம்பின் பிளஞ்சரையும் அதன் பேரலையும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தனிக் கிண்ணம், புது டீசல். துணி படவே கூடாது, ஒரு நூலிழை உள்ளே போனாலும் சிக்கிக்கொள்ளும்.

இந்தக் கவனம் உலகம் முழுக்க ஒன்றுதான். பிஸ்டனே இல்லாமல் முக்கோண ரோட்டர் சுழலும் வாங்கல் இன்ஜின் உண்டு. ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கல் உருவாக்கியது; ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1967 முதல் அதைக் காரில் பொருத்தி விற்றது. நம் நாட்டிலும் அன்று அகமதுநகர் எனப்பட்ட ஊரின் ராணுவ வாகன ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும் சேர்ந்து வடிவமைத்த வாங்கல் இன்ஜின், 2009இல் கோலாரில் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தைப் பறக்கவைத்தது. அந்த ரோட்டரின் மூன்று முனைகளிலும் சீல்கள் மெல்லிய பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். எங்கள் பிஸ்டன் ரிங்குக்கு என்ன வியாதியோ அதே வியாதிதான் அதற்கும்: கார்பன் பள்ளத்தை அடைத்தால் சீல் எழும்பாது, அழுத்தம் கசிந்துவிடும். அதன் கூடும் அலுமினியம், உட்சுவரில் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு. அங்கேயும் காஸ்டிக் ஆகாது, இரும்புச் சுரண்டி ஆகாது. விமானம் ஓட்டும் இன்ஜினுக்கும் வாய்க்காலில் நீர் இறைக்கும் இன்ஜினுக்கும் கழுவுகிற கை ஒன்றேதான் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சிலிண்டரின் உட்குழாயான லைனரை லேத்துக்கு அனுப்பி, கல்லால் தேய்த்து ஹோன் போட்டு வாங்கியபோது இன்னொன்று கற்றேன். பல கடைகளில் அதை டீசலில் ஒருமுறை அலசிவிட்டு மாட்டிவிடுகிறார்கள். ஹோன் கல்லின் துகள் சுவரில் போட்ட குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். டீசல் அதை வெளியே எடுக்காது. சுடுதண்ணீரும் சோப்பும்தான் எடுக்கும். மேஸ்திரி துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கரைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி சாம்பல் நிறமானது. மறுபடி தேய்த்தார். துணி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. கடைசித் துடைப்பு முடிந்த கையோடு ஆயில் பூசிவிட்டார். கடற்காற்று வீசும் ஊரில் ஈர வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பழுப்பாகிவிடும். ஹோன் துகளோடு மாட்டிய இன்ஜின் தன் புது ரிங்கைத் தானே அரைத்துக்கொள்ளும். நல்ல ஸ்பேர் வாங்கியும் ஏன் நிற்கவில்லை என்று குழம்புகிற பலருக்கு, இந்தச் சோப்புத் தண்ணீரில் பதில் இருக்கலாம்.

கறுத்த டீசலை அவர் கேனில் ஊற்றி மூடி வைப்பார். கசடு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை அடுத்த இன்ஜினுக்கு எடுத்துக்கொள்வார். கழுவிய டீசலை வாய்க்காலில் கொட்டுபவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. நம் வாய்க்கால்கள் ஏரிக்கும் வயலுக்கும் போகிறவை.

ரிங் ஏன் பிடித்தது என்ற கேள்விக்குப் பதில் லைனரைக் கழற்றியபோதே கிடைத்திருந்தது. அதன் வெளிப்பக்கம், தண்ணீர் சுற்றிவரும் இடம் முழுக்க வெள்ளை உப்பு ஓடாகப் படிந்திருந்தது. எங்கள் இன்ஜின் தான் இறைக்கும் ஆழ்துளைப் போர்த் தண்ணீரிலேயே ஒரு குழாய் பிரித்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது. எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் படிவு கடத்தாது. அதனால் லைனர் காய்ந்தது, காய்ந்த லைனரில் ஆயில் வெந்தது, வெந்த ஆயில் ரிங்கைப் பிடித்தது.

அந்த ஓட்டைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள். ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது எங்கள் பாகூர் ஏரி. பங்காரு வாய்க்கால் தென்பெண்ணை நீரைக் கொண்டுவந்து அதை நிரப்பும். ஏரிப் பாசனத்தை விட்டுவிட்டுப் போர் போட்டோம். நீர்மட்டம் இறங்க இறங்கப் போரையும் ஆழமாக்கினோம். கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறி வருகிறது. அந்த மாற்றத்தை நாக்கில் உணர்ந்து எங்கள் வீட்டில் குடிதண்ணீர் கேன் வாங்கத் தொடங்கினோம். இன்ஜினுக்கு மட்டும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மேஸ்திரி அந்தப் படிவை மரக்குச்சியால் தட்டி எடுத்து, மிச்சத்தை நீர்த்த ஆசிடில் கரைத்து, சலவைச் சோடா நீரில் அலசினார். பிறகு எனக்கு ஒரு வேலை சொன்னார். போர்க் குழாயைத் துண்டித்துவிட்டு, 200 லிட்டர் டிரம்மை இன்ஜினைவிட உயரத்தில் நிறுத்தி இரண்டு குழாய் இணைக்க வேண்டும். சூடான நீர் தானாக மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும், பம்ப் தேவையில்லை. நிரப்புவதற்குக் கொட்டகை ஓட்டில் விழும் மழைநீர் போதும். டிரம் வாங்கிவிட்டோம். சொர்ணவாரிப் பருவ நடவுக்கு முன் அதற்கு மேடை கட்டி முடிக்க வேண்டும்.