உச்சியில் நிற்கும் நீர்

புயற்காற்று வீசும் இரவில் நாற்பதாம் தளத்தில் படுத்திருப்பவர் முதலில் கேட்பது சுவர்களின் முனகலை. பின்னர்க் கூரையில் தொங்கும் விளக்கு மெல்ல ஆடுகிறது. மேசைமேல் வைத்த குவளையில் நீர் தளும்புகிறது. கட்டடம் விழப்போவதில்லை. இதனினும் கொடிய காற்றைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. ஆயினும் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றுகிறது, குமட்டல் எழுகிறது, உறக்கம் கலைகிறது. பொறியாளரின் கணக்கில் உறுதியாக நிற்கும் கட்டடம், குடியிருப்பவரின் மனத்தில் ஆட்டம் கண்டுவிடுகிறது.

காற்று நேரே மோதித் தள்ளுவதோடு நின்றுவிடுவதில்லை. கட்டடத்தைக் கடக்கும்போது அதன் இரு பக்கங்களிலும் மாறிமாறிச் சுழல்களை உதிர்த்துச் செல்கிறது. ஒவ்வொரு சுழலும் கட்டடத்தைத் தன் பக்கமாகச் சற்றே இழுக்கிறது. கட்டடத்திற்கோ தனக்கென்று ஓர் அலைவு நேரம் உண்டு. சுழல்களின் தாளம் அதனோடு ஒத்துவிட்டால், உரிய நேரத்தில் உந்தப்படும் ஊஞ்சலைப்போல் ஆட்டம் வளர்கிறது. இதுவே ஒத்ததிர்வு. தூண்களையும் சுவர்களையும் பருமனாக்கி இதனை அடக்கலாம். ஆனால் செலவு பெருகும், வாழுமிடம் சுருங்கும்.

கனடாவின் வான்கூவர் நகரில் 2001இல் கட்டி முடிக்கப்பட்ட 'ஒன் வால் சென்டர்' வேறொரு வழியை நாடியது. 48 தளங்களுடன் 150 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மெலிந்த கட்டடத்தின் உச்சியில் இரண்டு நீர்த்தொட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் லிட்டர் நீர் கொள்ளும்.

இத்தகைய தொட்டி 'ப' என்னும் எழுத்தின் வடிவினது. கட்டடம் ஒரு பக்கம் அசையும்போது நீர் உடனே உடன் செல்வதில்லை. சற்றுப் பின்தங்கியே ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பாய்கிறது. அந்தப் பின்தங்கலே மருந்து. கட்டடம் ஒரு திசையில் விரையும்போது நீரின் விசை எதிர்த்திசையில் அழுத்துகிறது. இடையிலுள்ள தடுப்பைக் கடக்கையில் நீர் கலங்கிச் சுழல, ஆட்டத்தின் ஆற்றல் சிறிது சிறிதாக வெப்பமாகிக் கரைகிறது. நீர் எவ்வளவு இருந்தாலும் போதும் என்பதில்லை. நீர்நிரலின் நீளம் கட்டடத்தின் அலைவு நேரத்திற்கு ஏற்ப அமைய வேண்டும்; தாளம் தப்பினால் பயனும் தப்பும்.

இந்த எண்ணம் கடலிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மான் ஃப்ராம் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், அலையில் உருளும் கப்பல்களை அமைதிப்படுத்த இத்தகைய தொட்டிகளை அமைத்தார். அடங்காது அலையும் நீர் கப்பலைக் கவிழ்க்கவும் வல்லது. அதே நீரைத் தாளத்திற்குள் நிறுத்திக் காவலாக்கினார் அவர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2008இல் திறக்கப்பட்ட 'காம்காஸ்ட் சென்டர்' உச்சியில் பத்து இலட்சம் லிட்டருக்கும் மிகுதியான நீர் இன்று அப்பணியைச் செய்கிறது.

வான்கூவர் தொட்டிகளின் நீருக்கு இன்னொரு கடமையும் உண்டு. தீப்பற்றினால் அணைக்க உதவுவதும் அதுவே. காற்றில்லாத நாள்களில் அது இருட்டறையில் அசைவற்றுக் கிடக்கிறது. கீழே உறங்குவோர் பலர் அப்படியொரு நீர் தம் தலைக்குமேல் இருப்பதையே அறியார். புயலடிக்கும் இரவில் அது எழுந்து அசைகிறது. அவர்களின் குவளையில் நீர் தளும்பாமல் நிற்கிறது.