வெறுமையாய் இருந்த வரி

மத்ரஸா மேல்மாடி வேலைக்குக் கொந்தராத்துக்காரர் தந்த காப்புறுதிச் சான்றிதழைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அரபு இலக்கணம் ஓதிக்கொடுப்பவனுக்கு இது எதற்கு என்று முனகிக்கொண்டே வாசித்தேன். பொதுப் பொறுப்புக் காப்புறுதி, தொகை, திகதி எல்லாம் இருந்தன. வேலையாட்கள் நட்டஈடு என்ற வரி மட்டும் வெறுமை.

"அதான் பொதுப் பொறுப்பு இருக்கே ஹஸ்ரத்!" என்றார்.

அது தெருவால் போகிறவரின் தலையில் கல் விழுந்தால் உதவும். மேலே நிற்கும் அவருடைய மேசன் தவறி விழுந்தால் உதவாது. மேசனுக்கு வேலை கொடுத்தவரே நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கொடுக்க அவரிடம் காசு இல்லாவிட்டால்?

எங்கள் அயலில் ஒரு சகோதரி. வேலைத்தலத்தில் விழுந்து கணவருக்கு இடுப்பு முறிந்தது. வேலை கொடுத்தவர் இரண்டு மாதம் அரிசி அனுப்பினார். பிறகு ஆளைக் காணோம். இன்று அவர் இடியப்பம் அவித்து விற்கிறார். நாங்களும் வாங்குகிறோம். சகோதரிகளே, வீட்டுக்கு ஓர் அறை கட்டினாலும் அந்த வரியைக் கேட்டுப் பாருங்கள்.

கொந்தராத்துக்காரர் பேனையை எடுத்துத் தானே நிரப்பப் பார்த்தார். "காப்புறுதிக்காரர்தான் எழுதி முத்திரை இட வேண்டும்" என்றேன். முகம் கறுத்துப் போனார். வேலை 9 நாள் நின்றது, நிர்வாகத்தினரும் முணுமுணுத்தார்கள். வந்த புதிய தாளில் 8 வேலையாட்கள் என்றிருந்தது. மறுநாள் வேலைக்கு வந்தவர்களை எண்ணினேன்: 11 பேர். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.