ஒற்றியூர் நீங்கலாக!

திருவொற்றியூர் சிவபெருமானுக்கு 'எழுத்தறியும் பெருமான்' என்று ஒரு பெயர் உண்டு. காரணம், ஒரு குறும்பு. கோயில்களுக்குக் கொடுக்கும் படித்தரத்தைக் குறைத்து அரசன் ஓர் ஓலை எழுதினானாம். அவனுக்கும் தெரியாமல், எழுதிய கணக்கருக்கும் தெரியாமல், வரிகளுக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று இரண்டு வார்த்தை புதிதாக முளைத்திருந்தது. செருகியவர் சாட்சாத் ஈஸ்வரன். இன்றைக்கு ஒரு அரசாணையில் யாராவது இப்படிச் செருகினால் சஸ்பென்ஷன். கடவுள் என்பதால் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

கூட வந்த ஆபீஸ் நண்பனுக்கு மெட்ரோ ரயிலில் இந்தக் கதையைச் சொன்னேன். (பெயர் வேண்டாம். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.) அவன் சிரிக்கவில்லை. மடியில் ஒரு அட்டைப் பெட்டி. அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு டியூப் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்.

டியூப் என்றால் தாத்தா வீட்டு ரேடியோவில் ஆரஞ்சாகக் கனன்றுகொண்டிருக்குமே, அந்த வால்வுதான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் 1961-லிருந்தே வால்வு செய்தார்கள். டிரான்சிஸ்டர் வந்து அதை வீட்டைவிட்டுத் துரத்திய பிறகும், 'அந்தச் சத்தம் வருமா சார்?' என்று ஏங்கும் கூட்டம் உலகம் பூராவும் உண்டு. அவர்களுக்காக ஹெட்போனுக்கென்றே டியூப் பெட்டிகள் வந்தன. நண்பன் வாங்கியது அப்படி ஒரு பழசு. செகண்ட் ஹேண்ட், அரை மாதச் சம்பளம். வாங்கிய நாளிலிருந்து ஆபீசில் அவனோடு டீ குடிக்கவே பயம். "என்னா பேஸ் சார்! என்னா பேஸ்!"

அப்புறம் யாரோ அவனுக்கு ஒரு ரேங்க் பட்டியலைக் காட்டிவிட்டார்கள். பாட்டு எவ்வளவு, கூட வரும் இரைச்சலும் கோணலும் எவ்வளவு என்று அளந்து ஒரே எண்ணாகப் போடுவது. டெசிபல் கணக்கு. இன்றைய நல்ல சிப் ஆம்ப்ளிஃபையர்கள் 110, 120 வாங்குகின்றன. டியூப் ஜாதி 60, 70-லேயே உட்கார்ந்துவிடும். கடைசி பெஞ்ச். நண்பனுக்கு ராத்தூக்கம் போய்விட்டது. விற்றுவிடலாமா என்கிறான். அவனுக்கு இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்த இன்னொருவரோ, "டியூபை அளக்கவே கூடாது. அது அனுபவம்" என்கிறார். அதாவது, எல்லோருக்கும் சட்டம், டியூப் நீங்கலாக!

எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. அளந்து பார்க்கும் ஆள் ஒருவர் திருவொற்றியூரில் இருக்கிறார், வா என்று கிளப்பிக்கொண்டு வந்தேன்.

வடசென்னைக்கு மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது 2021-ல். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் மெட்ரோ ஸ்டேஷன் வைத்திருக்கும் ஊர் வேறெங்காவது உண்டா, தெரிந்தவர்கள் எழுதலாம். நாங்கள் தேரடியில் இறங்கினோம். ஒரு பக்கம் தியாகராஜர் கோயில். கிழக்கே நடந்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, கன்டெய்னர் லாரிகள், அதற்கப்பால் அலை. கடற்காற்றில் உப்பு, டீசல், கருவாடு மூன்றும் சரிசம விகிதம். இந்த ஊரில்தான் 1956-ல் என்ஃபீல்டு தொழிற்சாலை திறந்து, அந்த வருஷக் கடைசிக்குள் 163 புல்லட் செய்தார்கள். அந்தப் பழைய புல்லட்டையும் இப்படித்தான் எடை போடுகிறோம். பேப்பரில் இத்தனை குதிரைசக்தி, அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, தெருவில் அது 'தட தட' என்று போகும்போது திரும்பிப் பார்க்கிறோம்.

நாங்கள் தேடிப் போன பெரியவர், இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் டெஸ்ட் பெஞ்ச்சில் இருந்து ரிட்டையர் ஆனவர். வாலிபத்தில் திருவிழா மைக் செட்டுக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்த்திருக்கிறார். சந்துக்குள் ஒரு ரூம். மேஜை மேல் ஒரு பழைய ஆசிலோஸ்கோப், ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ரெசிஸ்டர்.

பெட்டியைத் திறந்து உச்சி முகர்ந்தார். நிஜமாகவே முகர்ந்தார். கண்டென்சர் கருகியிருந்தால் வாசனை சொல்லிவிடுமாம். டியூபின் கால்களைத் துடைத்தார். உப்புக் காற்றில் பச்சை பூத்தால் கரகரவென்று சத்தம் வரும். ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ சொன்னார்.

"அளக்கலையா ஐயா?" என்றான் நண்பன்.

"தம்பி, புல்லட்டுக்கு டேப்பெட் பார்க்கறது எஞ்சின் ஆறின பிற்பாடு. இதுக்கு அளவு பார்க்கறது சூடேறின பிற்பாடு. அரை மணி ஆவட்டும். இன்னா அவசரம்?"

இது ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். சூடேறாத டியூப் வேறு ஆள். சூடேறிய டியூப் வேறு ஆள். ஆறின டியூபை அளந்துவிட்டுத் திட்டுவது, தூங்கி எழுந்தவனைப் பாடச் சொல்லி மார்க் போடுவது மாதிரி.

டீ முடிந்தது. போனிலிருந்து 400 ஹெர்ட்ஸில் ஒரு 'ஊ...' சத்தத்தை உள்ளே அனுப்பினார். வெளியே ஒன்றும் மாட்டாமல் மீட்டரை வைத்தால் 1 வோல்ட். பாட்டிலில் இருந்து 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து ஹெட்போன் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார். கால் வோல்ட்! முக்கால் பங்கு காணோம். இன்னொன்றை மாட்டினார், 330 ஓம். முக்கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது.

"பாத்தியா? பொட்டிக்கு உள்ளேயே நூறு ஓம் குந்திக்கினு இருக்குது. சின்ன ஓம் ஹெட்போன் மாட்டினா முக்காவாசி அதுவே சாப்ட்ரும்."

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக ஹெட்போனை ஓட்டும் இந்த ரகப் பெட்டிகளில் 6080, 6ஏஎஸ்7 என்ற டியூப்கள் வேலை செய்கின்றன. இவை பிறந்ததே பவர் சப்ளையில் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்த. சங்கீதத்துக்கு வந்தது பிற்பாடு. (ஆபீசில் கவிதை எழுதும் நம்மைப் போல.) 300 ஓம், 600 ஓம் ஹெட்போன்களோடு இவை குடித்தனம் நன்றாக நடத்தும். 1997-ல் வந்த சென்ஹைசர் ஹெச்டி 600 அப்படிப்பட்ட 300 ஓம் ஆசாமி. இதே பெட்டியை 32 ஓமில் கட்டிப்போட்டு அளந்து, 'தேறாது' என்று எழுதினால் அது அளவு இல்லை. குதிரையை மாட்டுவண்டி நுகத்தடியில் பூட்டிவிட்டு நடை சரியில்லை என்பது.

எந்த இடத்தில் வைத்துச் சோதிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுந்தரர், 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ய வேண்டி வந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனோடு ரகசிய ஒப்பந்தம். சிவனோ சங்கிலியாரிடம், சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்! பிரிந்து போன சுந்தரருக்குக் கண் போயிற்று. டெஸ்ட் கண்டிஷனை மாற்றினால் ரிசல்ட் மாறும்.

சரி, அப்போது அந்த ஒற்றை எண்? அதிலும் ஒரு அநியாயம் இருக்கிறது. ஒரு சட்ஜத்தைக் கொடுத்தால் டியூப் கூடவே கொஞ்சம் கலப்படம் செய்கிறது. பெரும்பாலும் இரண்டாவது ஹார்மானிக். அதாவது மேல் ஸ்தாயி சட்ஜம். மூன்றாவது, மேல் பஞ்சமம். தம்புராவில் நாம் காசு கொடுத்துக் கேட்பதும் இந்தச் சொந்தக்காரர்களைத்தான். ஆனால் ஏழாவது ஹார்மானிக் எந்த ஸ்வரத்திலும் சரியாக உட்காராது, உறுத்தும். ரேங்க் போடும் எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மேல் சட்ஜமும் அபஸ்வரமும் அதற்கு ஒரே குற்றம், ஒரே அபராதம். தியாகராஜ சுவாமிகள் வந்து தங்கி, வடிவுடையம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடிவிட்டுப் போன ஊரில் நின்றுகொண்டு இதை எப்படி ஒப்புக்கொள்வது?

டியூப் பக்தர்கள் இந்த இடத்தில் கைதட்ட வேண்டாம். ஒற்றைத் தம்புராவுக்கு மட்டும்தான் இந்த நியாயம். நாற்பது வயலினும் டிரம்ஸும் சேர்ந்து வரும் சினிமாப் பாட்டில், இரண்டு ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதி, பாட்டிலேயே இல்லாத மூன்றாவது சத்தத்தைப் பெற்றுப் போடும். அதற்கு இனிமை கினிமை கிடையாது, கூழ்தான். டியூபை அளக்கக்கூடாது என்பவர்களுக்கு இன்னொரு சேதி. 1947-ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் வில்லியம்சன் என்பவர் வெளியிட்ட டியூப் ஆம்ப்ளிஃபையரின் குறிக்கோளே, 15 வாட்டில் டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. டியூபைச் செய்தவர்களே அளந்துதான் செய்தார்கள். விதிவிலக்கு கேட்கவில்லை.

பெரியவரிடம் வருவோம். ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தார். இடது பக்கம் 100 ஹெர்ட்ஸில் ஓர் அலை நெளிந்தது. "வடிகட்டற கண்டென்சர் காஞ்சு போச்சு." அப்புறம் ஹெட்போன் ஓட்டையில் டி.சி. இருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. வெளியே விடாமல் தடுத்து நிற்பது ஒரே ஒரு கண்டென்சர். அது ஒழுகினால் ஹெட்போன் காலி. நல்லவேளை, ஒழுகவில்லை. ஆனாலும் ஸ்விட்ச் போட்டு ஒரு நிமிஷம் கழித்துத்தான் ஹெட்போனைச் செருக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். எந்தக் காதும் கண்டுபிடித்துச் சொல்லாத சமாச்சாரம் இது. மீட்டர்தான் சொல்லும்.

கடைசியாக நண்பனின் சொந்த ஹெட்போனைக் கேட்டார். 32 ஓம். அட்டையில் அப்படிப் போட்டிருந்தாலும், பேஸ் பக்கம் ஓரிடத்தில் அது இரண்டு மடங்காக ஏறுகிற ரகம். உள்ளே குந்தியிருக்கும் நூறு ஓமோடு கணக்குப் போட்டால், அந்த இடத்தில் மட்டும் சத்தம் சுமார் 4 டெசிபல் தூக்கிக்கொள்ளும். 300 ஓம் ஹெட்போன் இதே மாதிரி ஏறினால் 1 டெசிபல்தான்.

நண்பன் முகம் மாறியது. "அப்போ... அந்த பேஸ்?"

"பாட்டுல இல்ல தம்பி. பொருத்தத்துல."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. வெளியே ஒரு மீன்பாடி வண்டி போயிற்று.

"புடிச்சிருந்தா கேளு, யாரு வேணான்னா?" என்றார் பெரியவர். "டியூப்பு தந்துச்சுன்னு மட்டும் வெளியில சொல்லிக்கினு திரியாத. வித்துட்டு வேற வாங்கினா அந்த பேஸும் போயிரும், அதையும் யோசிச்சுக்க."

விற்கவில்லை. கண்டென்சர் மாற்றப் பெட்டியை விட்டுவிட்டு வந்தோம், அடுத்த வாரம் வரச்சொன்னார். வரும்போது யாரிடமாவது ஒரு 300 ஓம் ஹெட்போன் இரவல் வாங்கி வரவேண்டுமாம், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க. நண்பன் இப்போது ஆபீசில் ஒவ்வொரு சீட்டாகப் போய் விசாரித்துக்கொண்டிருக்கிறான். பேஸ் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.