ஓசூர்ச் சாலையும் அன்னியப் பணமும்

பெங்களூரிலிருந்து சென்னைக்குச் சாலை வழியாக வரும் சகோதரிகள், அத்திப்பள்ளி தாண்டும்போது கொஞ்சம் விழித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். சற்று முன்வரை கன்னடத்தில் இருந்த பெயர்ப் பலகைகள் ஜூஜூவாடி வந்ததும் தமிழாகிவிடும். பேச்சு மட்டும் அப்படிச் சட்டென்று மாறுவதில்லை. ஓசூர்க் கடைவீதியில் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் கோபித்துக்கொண்டு, தமிழில் சில்லறை எண்ணிக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஊரின் பெயரே கன்னடந்தான். ‘ஹொஸ ஊரு’, அதாவது புதூர்! மலைமேல் சந்திரசூடேசுவரர். கீழே சிப்காட்டில் கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்யும் ஆலைகள். உங்கள் கைக்கடிகாரத்துக்கும் இதுவே பிறந்தகமாக இருக்கலாம்.

ஆனால் இந்த எல்லைக்கு வேறு ஒரு கதையும் உண்டு.

1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. பாராளுமன்றக் குழுக் கூட்டத்துக்காகப் பெங்களூர் வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே முதலியோரை மறுநாளே கைது செய்து, பெங்களூர் மத்திய சிறையில் வைத்தார்கள். அங்கே காங்கிரஸ் சர்க்கார். எல்லைக்கு இப்பால் கருணாநிதியின் தி.மு.க. சர்க்கார், அந்தக் கட்சியோ நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானமே போட்டிருந்தது. தேசம் ஒன்று, சட்டம் ஒன்று. என்றாலும் அத்திப்பள்ளிப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர், ஜூஜூவாடிப் பக்கம் சற்று மூச்சு விடலாம். அதுவும் ஏழு மாதந்தான். 1976 ஜனவரி 31-ல் தமிழக ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். அப்புறம் இருபுறமும் ஒரே காற்று!

அதே பெங்களூர்ச் சிறைக்கு 1976 மே மாதம் ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். சென்னையில் நாடகக் குழு நிறுவியவர்களில் ஒருவர், ‘சம்ஸ்காரா’ கன்னடப் படத்தில் நடித்துப் புகழ் பெற்றவர், சிநேகலதா ரெட்டி. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. ஆஸ்துமாவோடு எட்டு மாதம் உள்ளே கிடந்தார். 1977 ஜனவரி 15-ல் பரோலில் விட்டார்கள். 18-ந் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. 20-ந் தேதி அவர் காலமானார்.

இப்படிப்பட்ட காலத்தில் ஜனநாயகத்துக்காகப் போராடுகிறவர்கள் வெளிநாட்டில் பணம் வாங்கலாமா? சங்கடமான கேள்விதான். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமறைவாக இருந்தபோது பிரெஞ்சு சர்க்காரிடம் பண உதவி கேட்டார், கிடைக்கவில்லை என்று 1975 நவம்பரில் எழுதப்பட்ட அமெரிக்கத் தூதரகத் தந்தி ஒன்று சொல்கிறது. 2013-ல்தான் அது பத்திரிகையில் வெளிவந்தது. எதிர்க்கட்சிகளின் பின்னால் ‘அன்னியக் கை’ இருக்கிறது என்று இந்திரா காந்தி சொல்லிக்கொண்டிருந்த நாள்கள் அவை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹன் 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். கேரளத்திலும் வங்காளத்திலும் கம்யூனிஸ்டுகளை எதிர்க்கக் காங்கிரசுக்கே இருமுறை அமெரிக்க உளவு ஸ்தாபனம் பணம் கொடுத்தது என்று அதில் போட்டு உடைத்துவிட்டார்!

எதிர்க்கட்சி எம்.பி.க்கள் பலர் சிறையில் இருக்க, 1976 மார்ச்சில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்ட் 5-ல் அமலுக்கு வந்தது. கட்சி, வேட்பாளர், பத்திரிகை ஆசிரியர், ஏன், கார்ட்டூன் போடுகிறவர்கூட அன்னியப் பணத்தைத் தொடக் கூடாது. நெருக்கடி நிலை போயிற்று, சட்டம் போகவில்லை. 2010-ல் புதுச் சட்டமாக மறுபிறவி எடுத்தது.

2014-ல் டில்லி உயர்நீதிமன்றம், அன்னியக் கம்பெனியைச் சேர்ந்த நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிய காங்கிரசும் பா.ஜ.க.வும் சட்டத்தை மீறிவிட்டதாகத் தீர்ப்பளித்தது. வீட்டில் குழந்தை பாத்திரத்தை உடைத்தால் நாம் என்ன செய்வோம்? கண்டிப்போம். டில்லியில் செய்தது வேறு. ‘அன்னியம்’ என்ற சொல்லின் அர்த்தத்தையே மாற்றிவிட்டார்கள்! பாதிக்கு மேல் வெளிநாட்டு முதல் உள்ள கம்பெனியானாலும், அந்தத் தொழிலுக்கு அனுமதித்த வரம்புக்குள் இருந்தால் அது அன்னியம் அல்ல. 2016-ல் இப்படித் திருத்தி, 2018-ல் அதையும் பின்னோக்கி நகர்த்தி, 1976 ஆகஸ்ட் 5 முதலே செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு வருஷம்!

ஆக, வெளிநாட்டு முதலோடு ஓசூரில் நடக்கும் ஆலை கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் அது சுதேசிப் பணம். தேன்கனிக்கோட்டைக் காட்டுக் கிராமத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனம் அனுப்பினால் அது அன்னியப் பணம். 2020 திருத்தப்படி அதை வாங்க டில்லி பாராளுமன்றத் தெரு ஸ்டேட் பாங்கியில் கணக்குத் திறக்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிற நிறுவனத்துக்குப் பிரித்தும் கொடுக்கக் கூடாது. கணக்குக் கேட்பது நியாயந்தான். யாரிடம் கேட்கிறோம், யாரிடம் கேட்பதில்லை என்பதுதான் உறுத்துகிறது.

இதே வட்டாரத்தில் வெளிநாட்டுக் கடன் ஒன்று வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானது 2004-ல். அதற்கு முன் தருமபுரியோடு இருந்தது. அந்தத் தருமபுரியில் 1989-ல், ரோம் நகரத்துச் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சர்க்கார் மகளிர் திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாடெங்கும் இருக்கும் சுய உதவிக் குழுக்களுக்கு நாற்றங்கால் அதுதான். பன்னிரண்டு முதல் இருபது பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தியை ஊக்குநராகத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்குக் கடன், எதற்கு, எப்போது திருப்புவது என்று வாய்விட்டு வாதாடுவார்கள். முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைத்தவர்கள் பெயர் எழுதப் பழகினார்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தபோது, கூட்டத்தில் எழுந்து பேசுவதும் கணக்குக் கேட்பதும் இந்த ஊர்ப் பெண்களுக்குப் புதிதாக இருக்கவில்லை.