லோடு ஏற்றிக்கொண்டு வாருங்கள்

சாணக்யபுரியில் வண்டிகள் நிமிர்ந்து நிற்கும். சாந்திபத்தின் இருபுறமும் தூதரகங்கள். நீல எண் பலகை மாட்டிய லேண்ட் குரூசர்கள், ஹைலக்ஸ்கள். அவற்றின் நடுவே என் நண்பரின் இசூசூ டி-மேக்ஸ் பிக்கப் மூக்கைத் தாழ்த்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவருக்குப் பல மாத உறுத்தல். ஆர்.கே.புரத்தில் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர் அவர். மலை மந்திர் விசேஷம், தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், எப்போதாவது ஒரு தூதரக விருந்து என்று பாத்திர பண்டங்களோடு நகரம் முழுக்கச் சுற்றும் வண்டி அது.

"முன்னாடி ரெண்டு இஞ்ச் தூக்கிட்டாப் போதும் சார். லெவலிங் கிட்டுன்னு ஒண்ணு வருது" என்றார். பட்டறைகளைத் தேடிப் போய் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா? கூடவே கிளம்பினேன்.

கரோல் பாக்கில் கிட் கிடைத்தது. பளபளவென்று இரண்டு அலுமினிய வில்லைகள், நீள போல்ட்டுகள், ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான் கிட். டி-மேக்ஸின் முன்பக்கம் டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங், பின்பக்கம் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். முன் ஸ்பிரிங்கின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே வில்லையைச் செருகிவிட்டால் மூக்கு உயரும். ஒரு அங்குல வில்லை போட்டால் சக்கரத்தில் அது ஏறக்குறைய இரண்டு அங்குலமாகத் தெரியும். ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது கீழ் விஷ்போன் கையின் நடுவாக்கில், சக்கரம் இருப்பது அதன் நுனியில் என்பதால் வரும் பெருக்கம். இது தெரியாமல் இரண்டு அங்குலம் வேண்டுமென்று இரண்டு அங்குல வில்லையே கேட்கிறவர்கள் உண்டு என்று கடைக்காரரே சிரித்தார். வேறு வழிகளும் அவர் கையிலிருந்தன. முழு ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றலாம். செலவு பல மடங்கு. டார்ஷன் பார் வைத்த பழைய வண்டியாக இருந்தால் ஒரு போல்ட்டைத் திருகினாலே மூக்கு ஏறிவிடும். காசு செலவில்லை என்பதாலேயே அதை அளவுக்கு மேல் திருகி முன்பக்கத்தைக் கல்லாக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வில்லை போட்டதும் என்னென்ன இடம் மாறும் என்பதை நண்பர் கேட்கவில்லை, நான் கேட்டேன். டோ, கேம்பர் என்ற சக்கரக் கோணங்கள் இரண்டும் நகரும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் முன் டயர் ஒரு பக்கமாகத் தேயும். நான்கு சக்கர இழுவை வண்டியானால் ஆக்ஸிலின் மூட்டு கூடுதல் கோணத்தில் சுழன்று ரப்பர் உறை கிழியும். சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு இருந்த இடம் குறையும். ஸ்பிரிங் அதேதான், மென்மையோ கடினமோ மாறாது. வாங்கியது உயரம் மட்டும்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி வடிவமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இதைச் சொன்னபோது நண்பர், "ரெண்டு இஞ்சுக்கெல்லாமா?" என்றார். எத்தனை இஞ்ச் என்று போலீஸ்காரர் டேப் பிடிக்க மாட்டார்தான். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் பிடிப்பார்.

காசைக் கொடுக்கும் முன் ஒரு பட்டை மிஸ்திரியிடம் காட்டிவிடலாம் என்று நான்தான் இழுத்தேன். மோதி பாகிலிருந்து ரிங் ரோட்டைப் பிடித்தால் தௌலா குவான், நாராயணா, மாயாபுரி, பஞ்சாபி பாக், ஆஸாத்பூர் என்று பாதி நகரத்தைச் சுற்றிய பிறகு ஜி.டி. கர்னால் ரோடு பக்கம் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் வரும். கனரக லாரிகளுக்குப் பகலில் தில்லிக்குள் நுழைவு கிடையாது. அந்தத் தடைதான் இந்தப் பேட்டையின் பிழைப்பு. வெளியூர் லாரிகள் இரவு வரை காத்துக்கிடக்க வேண்டும். காத்துக்கிடக்கும் நேரத்தில் டயர், டிங்கரிங், ரேடியேட்டர், பட்டை. மண்ணெல்லாம் கிரீஸ் ஊறிக் கறுத்திருக்கும். நாமக்கல் டிரான்ஸ்போர்ட் சந்துகளைத் தெரிந்தவர்களுக்கு இங்கே மொழி மட்டும்தான் புதிது.

மிஸ்திரிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, மேற்கு உத்தரப் பிரதேசத்துக்காரர். எல்லோருக்கும் அவர் உஸ்தாத். உதவிக்கு ஒரு பீகார் பையன். நண்பர் தன் குறையைச் சொல்லி முடிக்கும் வரை உஸ்தாத் வண்டியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் போய்க் குனிந்து பட்டைக் கட்டைத்தான் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்தார். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். காலி வண்டியில் பின்பக்கம் ஒன்றரை அங்குலம் உயரம். இடது வலதுக்கும் அரை அங்குல வித்தியாசம் இருந்தது; அது எங்கள் இருவர் கண்ணிலும் படவே இல்லை.

"காலி வண்டியை அளந்து என்ன பிரயோஜனம்? லோடு ஏற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார் இந்தியில்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராசிபுரத்து லாரி டிரைவர் ஒருவர், நாங்கள் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டுத் தானாக வந்து சேர்ந்துகொண்டார். "அவரு சொல்றது சரிதானுங்கண்ணா. காலி வண்டி என்னைக்கும் வாலத் தூக்கிட்டுத்தான் நிக்கும். லோடு ஏறுனப்புறம் மட்டமா நிக்குதான்னு பாருங்க. அதுக்குத்தான கம்பெனிக்காரன் அப்படி வச்சிருக்கான்."

மறுமுறை போனபோது அண்டாக்கள், அடுப்புகள், அரிசி மூட்டைகள் எல்லாம் ஏறியிருந்தன. முதலில் தர்ம் காண்டாவில் (நம்மூர் எடை மேடைதான்) எடை போட்டு ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பாரம் அளவுக்குள் இருந்தது. பிறகு மறுபடி டேப். இப்போது பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தது. முன்னால் இரண்டு அங்குலம் தூக்கியிருந்தால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வண்டி வானத்தைப் பார்த்தபடி போயிருக்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடித்திருக்கும். சரி, பின்பக்கத்தைத் தூக்கலாமா என்றால் அதிலும் சிக்கல். பின்னாலிருக்கும் பாரத்தை உணர்ந்து பின் பிரேக்கின் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பிக்கப்களில் உண்டு. அதன் கம்பி ஆக்ஸிலோடு பிணைந்திருக்கும். பின்பக்கத்தைக் கட்டை வைத்துக் கண்டபடி உயர்த்தினால் வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். உஸ்தாத் பாடம் எடுக்கவில்லை. அந்த மாதிரிக் கம்பி ஒன்றை வேறொரு வண்டியில் விரலால் தட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

குறை முன்னால் இல்லை, பின்னால். பட்டை களைத்துவிட்டது.

கட்டைக் கழற்றியபோது இரண்டாம் பட்டை, சென்டர் போல்ட் துளையில் விரிந்திருந்தது. பையன் அதை இரும்புக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டினான், இரண்டாகிவிட்டது. உடைந்த முகத்தை என்னிடம் நீட்டினார் உஸ்தாத். பாதி முகம் துருவேறிப் பழுப்பு, பாதி புதுச் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக மினுங்கியது. பழுப்புப் பாதி எப்போதோ விரிந்து தண்ணீர் குடித்தது. மினுங்கும் பாதிதான் இத்தனை நாள் அத்தனை அண்டாவையும் சுமந்திருக்கிறது. இடது பக்கம் அரை அங்குலம் தாழ்ந்ததற்குக் காரணம் அதுதான்.

பட்டை அடிப்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சிறு இடைவெளி விட்டுத் தரையில் பதித்திருக்கிறார்கள், அதுவே அடைகல். சோர்ந்த பட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அதன் குறுக்கே வைத்து, பையன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறான். உஸ்தாத் சாக்பீஸால் இரண்டு விரற்கடைக்கு ஒரு கோடு போடுகிறார். நடுவிலிருந்து முனையை நோக்கி, கோட்டுக்கு ஒரு அடி. சம்மட்டி விழுந்ததும் பையன் பட்டையை அடுத்த கோட்டுக்கு நகர்த்திவிடுகிறான், இருவரும் பேசிக்கொள்வதில்லை. பாதியில் எடுத்துத் தரையில் வரைந்த வளைவின்மேல் வைத்துப் பார்க்கிறார். கூடியிருந்தால் திருப்பிப் போட்டு ஒரே ஒரு மென்மையான அடி. ஒவ்வொரு அடுத்த பட்டைக்கும் மேலிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வளைவு வேண்டும். அடுக்கி வைத்தால் நடுவில் இடைவெளி தெரியும். சென்டர் போல்ட் அதை இறுக்கும்போது முனைகள் மேலிருக்கும் பட்டையோடு போய் அழுந்தும். அந்த இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். சுண்டுவிரல் நுனியை உள்ளே நுழைத்துக் காட்டினார்.

குளிர அடித்த பட்டை எத்தனை நாள் தாங்கும்? "ஆறு மாசம். பாரம் அதிகமானால் அதுவும் இல்லை" என்றார் ஒளிவில்லாமல். ஆலையில் பட்டையைச் செந்தணலாகக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி மிதமான சூட்டில் பதம் செய்வார்கள். பிறகு சின்னச் சின்ன எஃகு மணிகளால் மேற்பரப்பைச் சரமாரியாகத் தாக்கி இறுக்குவார்கள். இங்கே சம்மட்டி போடும் ஒவ்வொரு தழும்பும் பின்னாளில் ஒரு விரிசலின் தொடக்கம். கேஸ் டார்ச்சால் காய்ச்சி வளைக்கிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் கசந்தது. அது எஃகின் உயிரை எடுத்துவிடும் என்றார். உடைந்த பட்டைக்கு வெல்டிங் வைக்கச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறாராம். அவருடைய தீர்ப்பு: உடைந்ததற்குப் பதிலாகப் புதுப் பட்டை, அடியில் கூடுதலாக ஒரு பட்டை, புஷ் எல்லாம் புதிது. முன்பக்கத்தைத் தொடாதே. பட்டை ஹரியானாவின் யமுனாநகரிலிருந்து வரும் சரக்காக இருந்தால் நல்லது என்றார். 1954-இல் தொடங்கிய ஜம்னா ஆட்டோ அந்த ஊர்க் கம்பெனிதான்.

அளவுப் பட்டை வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அடைகல் தண்டவாளம் மனதிலேயே கிடந்ததால், இடைப்பட்ட நாளில் சாணக்யபுரியிலேயே பூட்டான் தூதரகத்துக்கு அருகிலிருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1977-இல் திறந்தது. குழந்தைகள் எஞ்சின்களின் மேலே ஏறப் பார்க்கிறார்கள். நான் அடியில் குனிந்து பார்த்தேன். நீராவி எஞ்சின்களின் சக்கரத்துக்கு மேலே அதே பட்டைக் கட்டு, லாரியுடையதைவிடத் தடிமனாக. பட்டை மாற்றிய எஞ்சினைச் சக்கரம் சக்கரமாக எடை போட்டு, தொங்கு கம்பியின் மரையைத் திருகித்தான் ரயில்வே பட்டறைகளில் மட்டம் சேர்த்தார்கள். உஸ்தாத்தின் தர்ம் காண்டாவும் அதே வழிதான். கொஞ்சம் தள்ளி பட்டியாலா சமஸ்தானத்தின் மோனோரயில் நிற்கிறது. 1907 முதல் 1927 வரை ஓடியது. எஞ்சின் பெர்லினின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனியுடையது. பாரத்தின் பெரும்பங்கு ஒற்றைத் தண்டவாளத்தின் மேல்; சாயாமல் தாங்குவதற்குப் பக்கவாட்டில் சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரம். மட்டம் என்பது பார்வைக்கு உரியதா பாரத்துக்கு உரியதா என்று நண்பர் இனி வாதிட்டால் இதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தலாம்.

டிரான்ஸ்போர்ட் நகருக்குத் திரும்பியபோது கழித்த பட்டைகள் மூலையில் குவிந்திருந்தன. எடைக்கு எடுக்க ஆள் வரும். உளி, கோடரி அடிப்பவர்களுக்குப் போகும். நம்மூரில் திருப்பாச்சேத்தி அரிவாளாகிறதும் லாரிப் பட்டைதான் என்றேன். உஸ்தாத் ஆர்வமாகக் கேட்டார், ஆனால் பாதிதான் காதில் விழுந்தது. சம்மட்டிச் சத்தம் செவியைத் தின்றுவிட்டது. பையனின் காதில் பஞ்சு இருந்தது, அவனாக வைத்துக்கொண்டதாம். இருவருக்கும் பட்டைக் கணக்கில் கூலி. லாரி வராத நாளில் அதுவும் இல்லை. தில்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொல்ல, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பழைய உள்ளூர் வண்டிகள்தாம் அடிக்கடி பட்டை உடைப்பவை, அந்த வரும்படி மெலிந்துவிட்டது என்று சொன்னார். காற்று மாசைப் பற்றியும் அவருக்குத் தெரியும்; இருமிக்கொண்டேதான் சொன்னார்.

வேலை முடிந்தபின் பாரத்தோடு அளந்தபோது நான்கு மூலையும் அரை அங்குலத்துக்குள் அடங்கின. பாரம் இறங்கியதும் வால் பழையபடி உயர்ந்தது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. நண்பர் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். கிட்டுக்குச் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை என்பது அவரைச் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். பாரத்தோடு ஒரு ஓட்டம் போய்வந்ததும் பட்டைக் கட்டை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகரும் என்று உஸ்தாத் விரலை ஆட்டி எச்சரித்தார். அதற்குத் தனிக் காசு கிடையாது.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் ராஜஸ்தான் லாரி ஒன்று ஒரு பக்கம் சரிந்தபடி வந்து நின்றது. மெயின் பட்டையே போயிருந்தது. தடை நேரம் முடிவதற்குள் தயார் ஆக வேண்டும் என்றார் டிரைவர். பையன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு ஓடினான். எங்கள் வண்டியை வழியிலிருந்து எடுக்கச் சொல்லி உஸ்தாத் கையை வீசினார்.