லிப்டன் அமர்ந்து பார்த்த மலை

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அப்புத்தளையைப் போல் அமைந்த ஊர் வேறொன்றில்லை. இரு புறமும் சரிந்து வீழும் ஒடுங்கிய மலைமுதுகின்மேல் ஊர் நிற்கிறது. கடைவீதியின் ஒரு பக்கம் ஊவாவின் மலைகள் அலையலையாய் அடுக்கி நிற்க, மறுபக்கம் நிலம் திடீரெனக் கீழே இறங்கித் தென்னிலங்கைச் சமவெளியாய் விரிகிறது. வானம் தெளிந்த நாட்களில் தொலைவிலே கடல் வெள்ளிக் கோடாய் மின்னுவதையும் காணலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூருக்குப் புகையிரதம் வந்தது 1893ஆம் ஆண்டில். அது பதுளையைச் சென்றடைய மேலும் முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின.

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்குச் செல்லும் பாதை மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. பஸ் வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் ஊதிக்கொண்டே ஏறும். வழியெங்கும் தேயிலை. கண்ணுக்கெட்டிய தூரம் கத்தரித்துவிட்டாற்போன்ற பசுமை. இடையிடையே நீண்ட லயங்கள், வேப்பிலை காணாத குளிரிலும் மாரியம்மனுக்கு எழுப்பிய கோயில்கள், தகரக் கூரையிட்ட பள்ளிக்கூடங்கள். காலை வேளையாயின் முதுகிற் கூடையும் இடுப்பிற் படங்குமாய்ப் பெண்கள் வரிசையாய் மலைக்கு ஏறுவதைக் காணலாம். தோட்டத்து மக்கள் தேயிலை நிரையுள்ள இடத்தையே 'மலை' என்பர். மற்றையோர்க்கு மலை காட்சிப் பொருள், அவர்க்கு அது வேலைத்தலம்.

தம்பேத்தன்னைத் தொழிற்சாலை 1890ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. நீண்டு உயர்ந்த அந்தக் கட்டடத்தினுள் நுழைந்ததும் பச்சைக் கொழுந்தின் மணமும் வறுத்த தேயிலையின் மணமும் ஒருங்கே வந்து சூழ்ந்துகொள்கின்றன. மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிறார்கள். கீழே உருளைகளில் இட்டுத் திரிக்கிறார்கள். பின் காற்றுப்பட வைத்து நிறம் மாறச் செய்து, சூட்டிலே உலர்த்தி, சல்லடைகளில் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு குருத்துமாய் விரல்நுனியாற் கிள்ளி அந்நிறையைச் சேர்ப்பதற்கு எத்தனை முறை கை அசைய வேண்டும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கிளாஸ்கோவின் ஏழைச் சிறுவன்

இத்தொழிற்சாலையை எழுப்பியவர் தோமஸ் லிப்டன். அவர் பிறந்தது 1848இல், ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியில். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பஞ்சத்தின் கொடுமையால் வெளியேறியவர்கள். வெண்ணெய், முட்டை, பன்றியிறைச்சி விற்கும் சின்னஞ்சிறு கடையொன்றை நடத்தி அவர்கள் பிழைத்தார்கள். பிள்ளை இளவயதிலேயே பள்ளியை விட்டுக் கடையொன்றில் ஏவலாளாகச் சேர்ந்தான்; பின்னர் கப்பலிலே வேலை செய்தான்; பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குச் சென்று புகையிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் உழைத்தான்; நியூயோர்க் நகரின் பெருங்கடையொன்றில் வாணிப நுட்பம் கற்றான்.

சில ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியபோது அவர் தம் தாய்க்கென இரண்டு பொருள்களைக் கொண்டு வந்தாராம்: ஒரு பீப்பாய் மாவு, ஓர் ஆடு நாற்காலி. அயலார் எல்லாரும் பார்க்க அவற்றை வண்டியில் ஏற்றித் தெருவழியே கொண்டு சென்றார் என்பர். வயிற்றுக்கு மாவு, உழைத்துக் களைத்த உடலுக்கு நாற்காலி. ஏழைத் தாயின் மகன் எதை நினைந்து அயல்நாட்டில் உழைத்தான் என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

1871இல் முதற்கடையைத் திறந்தார். அடுத்த இருபதாண்டுகளுக்குள் பிரித்தானியா எங்கும் நூற்றுக்கணக்கான கடைகள் அவருக்கு உரியனவாயின. 1889இல் தாயும் அடுத்த ஆண்டில் தந்தையும் காலமாயினர். அந்த 1890இலேயே அவர் இலங்கைக்கு வந்தார். கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் அழித்தொழித்திருந்த காலம் அது; தோட்டங்கள் மலிவாய் விலைப்பட்டன. தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை விலக்கித் தோட்டத்திலிருந்தே நேராகத் தம் கடைகளுக்குத் தேயிலையைக் கொண்டுசென்று, சிறு பொதிகளிலிட்டு, ஏழையும் வாங்கும் விலைக்கு விற்றார். செல்வர் வீட்டுப் பானமாயிருந்த தேநீர் தொழிலாளியின் மேசைக்கும் தாராளமாய் வந்தது.

செல்வம் வந்தபின் அவர் ஏழ்மையை மறந்தவரல்லர். 1897இல் விக்ரோறியா மகாராணியாரின் வைர விழாவையொட்டி இலண்டன் நகரத்து ஏழைகளுக்கு விருந்தளிக்கும் நிதிக்கு 25,000 பவுண் வழங்கினார். அடுத்த ஆண்டு, ஏழைகள் மலிவு விலையில் உண்ணும் உணவுச்சாலைக்கென ஓர் இலட்சம் பவுண் அளித்தார். 1931இல் இறந்தபோது செல்வத்தின் பெரும்பகுதியைத் தாம் பிறந்த கிளாஸ்கோ நகருக்கே விட்டுச் சென்றார். அந்நகரத்து மயானத்தில் தாய் தந்தையரின் அருகிலேயே அவருடைய உடலும் அடக்கம் செய்யப்பட்டது.

நடந்து வந்தவர்கள்

இக்கதையின் மறுபாதி இந்த மலையிலேயே இருக்கிறது. லிப்டனின் பெற்றோரைப் போலவே பஞ்சம் துரத்த ஊரை விட்டவர்கள்தாம் இங்கு கொழுந்து பறித்தவர்களும். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மலைநாட்டுக்கு நடந்தார்கள். கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் பலர். வந்து சேர்ந்தவர்க்குக் கிடைத்தது லயத்திலே பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பரா. கங்காணியிடம் பட்ட கடன் ஒரு துண்டிலே எழுதப்பட்டிருக்கும். அக்கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் பெயர முடியாது. அந்தத் துண்டு முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. இலண்டன் ஏழைகள் விருந்துண்ட 1897இல் எம் மலைநாட்டில் அது தடையின்றி நடந்து கொண்டிருந்தது.

பின்னர் நேர்ந்தவற்றை வாசகர் அறிவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 முதல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், லயங்களிற் பல மாறவில்லை.

மலையுச்சியில்

தொழிற்சாலையிலிருந்து மேலே சில மைல் நடந்தால் லிப்டன் இருக்கை எனப்படும் சிகரம் வரும். உயரம் ஏறத்தாழ 1,970 மீற்றர். லிப்டன் இங்கு அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிடுவார் என்பது வழக்கு. இன்றும் அவருடைய சிலை ஒன்று கையிற் கோப்பையுடன் இருக்கையில் அமர்ந்திருக்கிறது. பிரயாணிகள் அதனருகில் இருந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். விடியற்காலையில் வந்தாலே காட்சி கிட்டும். ஒன்பது மணியானால் மூடுபனி ஏறிவந்து யாவற்றையும் மறைத்துவிடும். நாம் சென்ற காலையில் ஒரு மணி நேரம் பனி விலகி நின்றது. மாகாணங்கள் பலவும் காலடியில் விரிந்து கிடந்தன. எத்தகைய காட்சி! ஆயினும் அந்த உயரத்திலிருந்து நோக்கும்போது மனிதர் தெரிவதில்லை. நிரைகளுக்கிடையே நகரும் நிறப்புள்ளிகளே தெரிகின்றன.

லிப்டனைக் கொடியவர் என நாம் சொல்லவரவில்லை. அவர் நன்றி மறவாத மைந்தர். வாரி வழங்கிய வள்ளல். ஆனால் அவருடைய நன்றி, அவர் பிறந்த தெருவை நோக்கியே திரும்பிச் சென்றது. தாயின் களைத்த கைகளை அறிந்த கண்கள், கொழுந்து கிள்ளிக் கறுத்த கைகளை அவ்வாறு அறியவில்லை. மனித உள்ளம் பெரும்பாலும் இப்படியே இயங்குகிறது. நாம் எங்கிருந்து ஏறினோம் என்பது நினைவிருக்கும். எவர் தோளில் ஏறினோம் என்பது எளிதில் மறந்துபோகும்.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஈகைக்கு ஒன்று வகுத்தார். அவற்றோடு அமையாது, ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதல் என ஒன்றையும் வைத்தார். ஈகை, இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவோ, சேர்ந்து வாழும் உலகத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என அறிந்து செய்வது. அந்த வரிசை முறையின் பொருளை இம்மலையில் நின்றபோது ஒருவாறு உணர்ந்தோம்.

இன்னோர் ஏற்றம்

எம்மை வழிநடத்தி வந்தவர் எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற ஓர் இளைஞர். அயல் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, பட்டம் பெற்று, இன்று ஆசிரியராயிருப்பவர். பண்டாரவளையில் வாடகை வீட்டில் வாழ்கிறார். 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை தோட்டப் பள்ளிகளிற் பல, ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாயிருந்தன. அவ்வாறான பள்ளியில் எழுத்தறிந்தவரின் பேரன் பட்டதாரியானது சிறிய ஏற்றமன்று. ஆனால் அவர் அதனைப் பெருமையாகப் பேசவில்லை.

"சேர், நான் பல்கலைக்கழகத்தில் இருந்த நான்கு வருடமும் அம்மா ஒரு பேரும் விட்டதில்லை. காய்ச்சலோடும் மலைக்குப் போனார். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தானே போடுவார்கள். அந்தப் பேர்களை எந்தச் சம்பளத்தில் நான் திருப்பிக் கொடுப்பது?" என்றார்.

சற்று நேரம் கழித்துத் தமையனைப் பற்றிச் சொன்னார். "அண்ணன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்னபோது, அவர் பேசாமல் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நல்ல சட்டை உடுத்தும்போதெல்லாம் அந்த நினைவு வருகிறது."

வேலை கிடைத்ததும் அவர் மாதந்தோறும் தமையனுக்குப் பணம் கொடுக்க முயன்றார். இருமுறை வாங்க மறுத்த தமையன், மூன்றாம் முறை, "தம்பி, நீ எனக்குப் படியளக்க வேண்டாம்" என்றாராம். அச்சொல் இளைஞரை வெகுவாக வருத்தியது. பல நாள் யோசித்தபின், தமையனின் மகள் தம் வீட்டிலிருந்து படிக்க அனுமதிக்குமாறு கேட்டார். தமையன் மனமுவந்து இசைந்தார். இப்போது சனிக்கிழமைதோறும் இளைஞர் பழைய லயத்துக்கு வருகிறார். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கணிதம் கற்பிக்கிறார். அந்த வகுப்புக்கு வாங்கு செய்து கொடுத்தவர் தமையனே. "பணம் கொடுத்தபோது எனக்குப் பாரம் குறைந்தது, அவருக்குப் பாரம் கூடியது. இப்போது இருவரும் சேர்ந்து சுமக்கிறோம்" என்று அவர் சொன்னார்.

இக்கூற்றிலே ஆழ்ந்த உண்மை உண்டு. ஏழ்மையிலிருந்து மீண்டவர் உள்ளத்தில் நன்றியும் உறுத்தலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உறுத்தலைத் தீர்ப்பதற்காகக் கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவனுக்கே மருந்தாகின்றது. பெறுபவனை அது தாழ்த்தவும் கூடும். நன்றியால் விளையும் கொடையோ, பெறுபவனின் தலையை நிமிர்த்தி வைத்து, அவனையும் கொடுப்பவனாக்குகின்றது.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் இன்று வசதியாய் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், இரண்டு தலைமுறைக்கு முன் ஒருவேளைக் கஞ்சியோடு படித்தவர் இருப்பர். அவருக்காகப் படிப்பை விட்ட அக்காவோ தம்பியோ இருப்பர். கடல் கடந்து பொருளீட்டியோர் கோயிலுக்குக் கோபுரமும் பள்ளிக்குக் கட்டடமும் எழுப்புதல் நன்றே. அதனோடு, அந்த அக்காவின் வீட்டுப் படியேறி, அவர் பிள்ளை என்ன படிக்கிறது எனக் கேட்பதும் வேண்டும். காலைதோறும் நாம் அருந்தும் தேநீருக்குக் கொழுந்து தந்த கைகளையும் இந்த உறவுக் கணக்கிலே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புத்தளைக்குப் போகும் மாணவர்கள் லிப்டன் இருக்கையைத் தவறாது பார்க்கட்டும், விடியுமுன் புறப்படட்டும். ஆனால் சிகரத்தோடு திரும்பிவிடாமல், இறங்கும் வழியிலே லயத்துப் பள்ளிக்கூடத்துக்கும் சென்று, அங்குள்ள பிள்ளைகளோடு அரைமணி நேரமேனும் உரையாடிவிட்டு வரட்டும்.